தலைவரிடம் தோற்பதற்கென்றே ஓர் ஆள்

மொத்த மார்க்கெட்டுக்குள் நுழைந்து, வெண்கலம் எங்கே இருப்பார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொஞ்சம் காது கொடுத்து நின்றால் போதும். உருளைக்கிழங்கு குடோனுக்கும் வெங்காய குடோனுக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஏறிக்கொண்டு, செத்தவன் எழுந்து வந்து விலை கேட்கிற மாதிரி ஒருத்தர் ஏலம் கூவிக்கொண்டிருப்பார். அவர்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். வெண்கலத் தொண்டை என்று யாரோ சொல்லப் போக, தொண்டை உதிர்ந்து வெண்கலம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி என்பதற்கு அவர் வீடே சாட்சி. இந்த மனுஷனுக்கு வாய்த்த பெண்டாட்டிக்கு வேலை எங்கே தெரியுமா? நூலகத்தில். பகல் முழுக்க, திருப்பிக் கொடுத்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வைத்து அலமாரி அலமாரியாக அடுக்கிக்கொண்டே, பேசுகிறவர்களிடம் போய் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவது அந்த அம்மாவின் உத்தியோகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இங்கே ஒருத்தர், உப்பு எங்கே என்று கேட்பதைத் தெருமுனைக் கடைக்காரன் கேட்டுவிட்டு, "ரெண்டாவது தட்டுல பாருங்கண்ணே" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பான். அப்படி ஒரு குடித்தனம். ஆனால் ஒன்று, அந்த வீட்டில் சண்டை நிலைத்ததே இல்லை. ஒருத்தர் கத்தினால் அவருக்கே கூச்சமாகிவிடும். இன்னொருத்தர் கத்தினால் யாருக்கும் கேட்காது.

இந்த வெண்கலத்துக்கும் தலைவருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்பதுதான் சங்கதி. தலைவர் என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி நாடு அவர் படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தது, மீதி நாடு அவர் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. முடிவெட்டும் கடையில் அவர் பேச்சை எடுத்தால், பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனவர்கள் உண்டு. அவ்வளவு பெரிய மனுஷர், அந்தக் காலத்தில் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் மாடி அறையில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண வக்கீல். நகராட்சித் தேர்தலில் நிற்கிறேன் என்று கிளம்பி, மார்க்கெட் வாசலில் ஒரு மேஜை போட்டு அதன்மேல் ஏறிப் பேசினார். பேச்சா அது! பத்திரத்தை வாசிக்கிற மாதிரி வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரில் இரண்டு பேர் மூட்டை இறக்க வந்து களைத்து உட்கார்ந்தவர்கள்.

அன்றைக்குப் பார்த்து வெண்கலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். முந்தின நாள் மழையில் சாக்கடை பொங்கி, ஏலத்துக்கு அடுக்கி வைத்த வெங்காயம் அத்தனையும் ஊறிப் போயிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடி ஒரு சத்தம் போட்டார்: "பேசினது போதும். இந்தச் சாக்கடையை எப்போ மூடுவீங்க?"

மொத்த மார்க்கெட்டும் திரும்பிப் பார்த்தது. வக்கீல் ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். அப்புறம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார்: "அண்ணே, அந்தத் தொண்டையை எனக்கு ஒரு நாள் இரவல் கொடுங்க. நகராட்சி ஆபீஸ்ல என் குரலுக்கு ஒருத்தனும் தூக்கத்துல இருந்து எழுந்திரிக்க மாட்டேங்கிறான்."

சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. கோபமாகக் கேட்ட வெண்கலமே சிரித்துவிட்டார். குடோன்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள். நாலு பேர் நானூறு ஆனார்கள். வக்கீல் அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் கைதட்டல் விழுந்தது.

மறுநாள் காலையில் ஏலம் முடிகிற நேரம் பார்த்து வக்கீல் வந்து நின்றார். டீ வாங்கிக் கொடுத்தார். சுற்றி வளைத்துப் பேசாமல் விஷயத்துக்கு வந்தார். நாளைக்கு ரயிலடியில் கூட்டம் இருக்கிறது, அங்கேயும் வந்து இதே மாதிரி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். என்ன கேள்வி என்று வெண்கலம் கேட்க, அதையும் வக்கீலே சொன்னார். பதிலையும் சொன்னார். வெண்கலம் டீ புரையேறச் சிரித்தார். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனுஷன், பேச வரவில்லை, ஒரு கை கொடுத்தால் என்ன என்றுதான் நினைத்தார்.

வக்கீல் ஜெயித்தார். அந்த வருஷமே சாக்கடைக்கு மூடி போட்டார்கள். பின்னால் யார் எவ்வளவு பேசினாலும், "நான் கேட்டேன், அவர் செஞ்சாரு" என்று வெண்கலம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள அந்த மூடி ஒன்றே போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் அது ஒரு வேலை முறையாகவே ஆகிப் போனது. கூட்டம் எந்த ஊராக இருந்தாலும் வெண்கலத்துக்கு மூன்றாவது வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி. முதல் வரிசை என்றால் கட்சிக்காரன் என்று தெரிந்துவிடும், பத்தாவது வரிசை என்றால் தலைவரின் கண்ணுக்குத் தட்டுப்படாது. பேச்சு கொஞ்சம் தொய்கிற நேரம் பார்த்துத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உடனே இவர் துள்ளி எழுந்து கேள்வியைப் போட வேண்டும். தலைவர் பதிலடி கொடுப்பார். கூட்டம் குலுங்கும். சிரிப்பு கிளம்பியதும் இவர் அசடு வழிந்துகொண்டே உட்கார்ந்துவிட வேண்டும். இந்த உட்காருவது இருக்கிறதே, அதுதான் மொத்த வித்தையும். ஒரு நொடி முன்னால் உட்கார்ந்தால் பயந்தாங்கொள்ளி என்று தோன்றும், தாமதித்தால் ரகளைக்காரன் என்று தோன்றும். வெண்கலம் வீட்டில் நாற்காலி போட்டுப் பழகினார். ஒரு மாதம் மீசை வைப்பார், ஒரு மாதம் எடுப்பார். ஒரு கூட்டத்துக்குத் தொப்பி, இன்னொரு கூட்டத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. இப்படி ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு வருவார்.

கூலி என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. போகவர வண்டி, வயிற்றுக்குச் சாப்பாடு. அந்த அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நூலகத்துக்கு வருகிறவர்கள், "உங்க வீட்டுக்காரரை நேத்து தலைவர் கிழிகிழின்னு கிழிச்சுட்டாராமே" என்று துக்கம் விசாரிப்பார்களாம். வீட்டில் வந்து சொன்னால், கிழிபடுவதற்கும் ஒரு திறமை வேண்டும் என்பார் இவர். அந்த அம்மா ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

ஒரு தடவை பக்கத்து ஊரில் விவரம் தெரியாத கட்சித் தொண்டர்கள், தலைவரையா எதிர்த்துக் கேட்கிறாய் என்று வெண்கலத்தை நாற்காலியோடு தூக்கிப் போய் மொத்திவிட்டார்கள். நான் உங்க ஆளுதான்டா என்று சொல்லவும் முடியாது. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் தலைவரே பழக்கூடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். வெண்கலமோ வீங்கின முகத்தோடு, நடிப்பு அவ்வளவு தத்ரூபமா இருந்திருக்கு பாருங்க என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அன்றைக்குத் தலைவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர்களுடைய ஒரே மகளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குழந்தை இறங்க மாட்டேன் என்று அவர் காதைப் பிடித்துத் திருகியது. "சரியான வாண்டு" என்றார் தலைவர். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டிலும் வாண்டு என்றே பேராகிவிட்டது.

தலைவர் வளர்ந்தார். மேயர் ஆனார், ரோட்டை அகலப்படுத்தினார். பஸ்ஸில் போகிறவர்கள் வாழ்த்தினார்கள், ரோட்டோரக் கடையை இழந்தவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். மந்திரி ஆனார், ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி கட்டினார். கட்டின காண்டிராக்ட் எல்லாம் மச்சினனுக்கும் சகலைக்கும் போயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. வழக்கு வந்து, ஒரு மழைக்காலம் பூராவும் ஜெயிலில் இருந்தார். அவ்வளவுதான் ஆட்டம் முடிந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெளியே வந்து பேசிய முதல் கூட்டத்தில், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தாடிக்காரர் எழுந்து, கொள்ளையடித்து ஜெயிலுக்குப் போனவருக்கு ஓட்டு எதற்கு என்று கர்ஜித்தார். தாடி ஒட்டுத் தாடி.

"அண்ணே, ஜெயில்ல மூட்டைப்பூச்சி ரெண்டு நாள் என்னைக் கடிச்சுப் பாத்துச்சு. இவன்கிட்ட உறிஞ்ச ஒண்ணுமில்லன்னு மூணாம் நாள் பக்கத்து ரூமுக்குப் போயிடுச்சு," என்றார் தலைவர்.

அந்த ஒரு மூட்டைப்பூச்சி நாடு முழுக்க ஊர்ந்தது. டீக்கடை, பஸ், பள்ளிக்கூடம் எங்கே போனாலும் அதே பேச்சு. அடுத்த தேர்தலில் நாட்டுக்கே தலைவராக அவர் போய் உட்கார்ந்ததற்கு மூட்டைப்பூச்சிக்கும் பங்குண்டு என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெண்கலத்தைக் கேட்டால், தாடிக்கும் பங்குண்டு என்பார்.

பெரிய நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தலைவர் வீட்டுக்கு வருவது நின்றது. நேரில் பார்ப்பதும் நின்றது. கூட்டத்துக்கு முதல் நாள் அவருடைய செயலாளர், கசங்காத சட்டையும் கைப்பெட்டியுமாக வந்து, கேள்வியையும் பதிலையும் வாயால் சொல்லி, இவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, தலையாட்டிவிட்டுப் போவார். டீ கொடுத்தால் வேண்டாம் என்பார். இதற்கு நடுவே பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. யாரையும் எங்கேயும் கூட்டிப் போகலாம், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கம் ஊருக்கு வந்தது. வெண்கலத்தால் மட்டும் அது முடியவில்லை.

வாண்டு இதற்குள் வளர்ந்து நர்ஸ் ஆகியிருந்தாள். தலைவர் கட்டிய ஆஸ்பத்திரியிலேயே வேலை. அப்பாவின் சங்கதி சின்ன வயசில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பெரியவளானதும் எரிச்சலாக மாறியது. ஒருநாள் ஒட்டுத் தாடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"நிஜமாவே கேள்வி வச்சிருக்கிறவங்க எவ்வளவோ பேர் அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்கப்பா. அதுல ஒருத்தன் எழுந்தா, உன்னைப் பாத்துப் பழகின சனம், அவன் வாயைத் திறக்கும்போதே சிரிக்குது. அது உனக்குத் தெரியுதா?"

வெண்கலம் வழக்கம்போலச் சாக்கடை மூடியைப் பற்றி ஆரம்பித்தார். அவள் காலணியை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. குப்பையிலிருந்து தாடியை எடுத்து உதறிப் பார்த்தார். அதில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

அந்த வருஷம்தான் விஷக்காய்ச்சல் வந்தது. ஒருத்தர்கூடச் சாகவில்லை என்று தலைவர் ரேடியோவில் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பத்திரிகைக்காரன் ஒருத்தனிடம், அந்த வழியாக வந்த வாண்டு, என் வார்டில் காலியான கட்டில்களை வந்து பாருங்கள், எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போகவில்லை என்று சொன்னாள். மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்கு மறுநாள் டூட்டி முடிந்து வெளியே வந்தவளை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்துதான் வெண்கலத்தின் தொண்டை எதற்கும் உதவாமல் போனது. போலீஸ் ஸ்டேஷனில் எங்களிடம் இல்லை என்றார்கள். மூன்று ஜெயில் வாசலில் நின்றார். மூன்றிலும் அந்தப் பேரில் யாருமில்லை என்றார்கள். பெட்டிமேல் ஏறி ஏலம் கூவும்போது விலை மறந்து போயிற்று. அந்த அம்மா நூலகத்தில் புத்தகங்களை வேறு வேறு அலமாரியில் அடுக்கிவிட்டு, பிறகு தேடித் தேடி எடுத்தாள். இரண்டு மாதம் இப்படியே கழிந்தது. எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா, சொல்ல ஒரு நாதி இல்லை.

அப்போதுதான் மறுபடி தேர்தல் வந்தது. முதல் கூட்டம் நம் ஊர் விளையாட்டு மைதானத்தில். நாடு முழுக்க ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு. செயலாளர் வந்தார். வெண்கலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். தலைவரை ஒரே ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்றார். செயலாளர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். தேர்தல் நேரத்தில் இதைக் கிளப்பக் கூடாது, கேள்வியை மட்டும் நன்றாகக் கேளுங்கள், தலைவர் மனசு குளிர்ந்திருக்கிற சமயம் பார்த்து நான் காதில் போடுகிறேன் என்றார். பிறகு கேள்வியைச் சொன்னார். தலைவர் போன தேர்தலில் வாக்குக் கொடுத்த புது ரோட்டைப் பற்றியது. சொன்ன ரோடு எங்கே, இன்னும் காணோமே என்று கேட்க வேண்டும். பதில்: "நல்லா குனிஞ்சு தேடிப் பாருங்கண்ணே, உங்க காலுக்குக் கீழேதான் இருக்கும்." ஏனென்றால் மைதானத்தை ஒட்டிப் போட்ட அந்தப் புது ரோட்டின்மேல்தான் பந்தலும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். நல்ல தமாஷ்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதையா கேக்கப் போறீங்க?" என்றாள்.

வெண்கலம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். ராத்திரி முழுக்கப் புரண்டார். யோசித்துப் பார்த்தால், தலைவரிடம் அவர் வாயைத் திறக்க முடிகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது அந்த மூன்றாவது வரிசை நாற்காலி. விடிந்ததும் முகம் கழுவினார். தொப்பியும் இல்லாமல் தாடியும் இல்லாமல், ஏலத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா ஏற்கனவே காலில் செருப்பு மாட்டி வாசலில் நின்றாள். 

மைதானம் நிரம்பி வழிந்தது. தலைவர் பேசினார். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியேதான் இருந்தது. பேச்சு கொஞ்சம் தொய்ந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெண்கலம் எழுந்தார். தன் வாழ்நாளிலேயே அவ்வளவு சத்தமாக அவர் கத்தியதில்லை.

"என் பொண்ணு எங்கே? ரெண்டு மாசமா காணோம்!"

தலைவர் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலான பழக்கம்; கேள்வி என்னவென்று தெரிந்த மனுஷர் எதற்குக் கேட்க வேண்டும்? அந்தக் குரல் ஓய்கிற வரைக்கும் காத்திருந்தார், அவ்வளவுதான். ஓய்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புன்சிரிப்போடு மைக்கை நெருங்கினார்.

"நல்லா குனிஞ்சு தேடிப் பாருங்கண்ணே, உங்க காலுக்குக் கீழேதான் இருக்கும்."

மைதானம் சிரித்தது. அதுவும் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. இந்த மாதிரி ஒருத்தன் எழுவான், தலைவர் ஒன்று சொல்வார், சிரிக்க வேண்டும் என்று அதற்கும் பழகியிருந்தது. அந்தச் சிரிப்பு கிளம்பியதும் நடந்ததுதான் கொடுமை. வெண்கலத்தின் முழங்கால் தானாக மடங்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார். சரியாக அந்த நொடியில், இத்தனை வருஷம் நாற்காலி போட்டுப் பழகிய அதே நொடியில். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்துவிட்டது அவருக்கே தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பாவி, பெற்ற மகளைக் கேட்க வந்த இடத்திலும் தோற்றுப் பழகின புத்தி போகவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. அந்த அம்மா எழுந்து நின்றாள். ஏதோ சொன்னாள். முன்னால் இருந்த இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. பின்னால் இருந்தவர்கள், என்ன சொல்றாங்க, கேக்கல, சத்தமா சொல்லச் சொல்லு என்றார்கள். அவளுக்குச் சத்தமாக வராது. அவள் நின்ற இடத்திலிருந்தே கீழே பார்த்தாள்.

"நான் சொல்றேன். நீங்க அவங்களுக்குச் சொல்லுங்க," என்றாள் புருஷனிடம்.

ஏலத்தில் இதுதான் வேலை. வியாபாரி பக்கத்தில் வந்து வாய்க்குள் முணுமுணுப்பதை வாங்கி ஊருக்குச் சொல்ல வேண்டும். வெண்கலம் எழுந்தார். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் அதை மைதானத்துக்குச் சொன்னார். எங்கள் மகள் நர்ஸ். சிரிப்பு தேய்ந்தது. டூட்டி முடிந்து வந்தவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது கேட்டது. எந்த ஜெயில் என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறோம். கடைசியில் அவள் மகளின் முழுப் பேரைச் சொன்னாள்; அதையும் அவர் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் வெண்கலம் உடைந்தது.

தலைவர் மேடையில் நின்றார். அவர் கையில் இதற்குப் பதில் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்றுதான் எப்போதும் ஏற்பாடு. அவர் அந்த அம்மாவையே பார்த்தார். என்றைக்கோ அவள் கையால் சாப்பிட்டது ஞாபகம் வந்ததோ என்னவோ, மைக் இருப்பதை மறந்தே போனார்.

"யாரு, நம்ம வாண்டா?" என்றார். "வாண்டையா புடிச்சு வச்சிருக்காங்க?"

மைதானம் முழுக்க அது கேட்டது. ரேடியோ வைத்திருந்த நாடு முழுக்கக் கேட்டது. அவர் குரலில் நிஜமான பதைப்பு இருந்தது, அதை இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் சனம் கேட்டது பதைப்பை இல்லை. நம்ம என்ற சொல்லைத்தான் கேட்டது. எதிர்த்துக் கேள்வி கேட்கிறவன் வீட்டுப் பெண்ணின் செல்லப் பேர் தலைவருக்கு எப்படித் தெரியும்? வரிசை வரிசையாக அந்தக் கேள்வி பின்னால் போவதை வெண்கலம் பார்த்தார். பழைய ஆட்கள் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, மீசையையும் தாடியையும் மனசுக்குள் ஒட்டிப் பார்த்தார்கள். செயலாளர் ஓடி வந்து மைக் ஒயரைப் பிடுங்கினார்.

சுருக்கமாகச் சொன்னால், தலைவரின் வாய்ச்சாமர்த்தியம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஊரில் நிஜமாகவே ஒருத்தன் கேள்வி கேட்க, தலைவர் நிஜமாகவே நல்ல பதிலாகச் சொன்னார், ஒருத்தரும் சிரிக்கவில்லை. உங்க ஆளுதானே என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தத் தேர்தலில் தோற்றார். சட்டத்தால் தோற்றார், காய்ச்சலால் தோற்றார், மச்சினனால் தோற்றார் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அவர் கட்டிய ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளே அவரைத் திட்டுகிறார்கள், அதே வாயால் அவர் போட்ட ரோட்டைப் புகழ்கிறார்கள். மார்க்கெட்டில் கொஞ்ச காலம் வெண்கலத்தைப் பார்த்தாலே, என்ன விலைக்குத் தோத்தீங்க அண்ணே என்று கிண்டல் நடந்தது. அவர் பெட்டிமேல் நின்று அதையெல்லாம் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. மைதானத்துக் கூட்டம் முடிந்த அதே வாரத்தில் ஒரு மத்தியானம், வாண்டு தானாக பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்து, போ என்றார்களாம். டூட்டிக்குப் போட்டுப் போன அதே உடுப்பு, தொளதொளவென்று தொங்கியது. அந்த அம்மா அவளை உட்கார வைத்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். வெண்கலம் எதிரில் உட்கார்ந்து மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  தண்ணீர் டம்ளரை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவளே சொன்னாள். பெண்கள் ஜெயில் நடையில் ஒரு ஒலிபெருக்கி உண்டாம். தலைவர் பேச்சு என்றால் எல்லாரும் கேட்டே ஆக வேண்டுமாம்.

"உன் குரல் வந்துச்சுப்பா," என்றாள். "என் பொண்ணு எங்கேன்னு கேட்டே. நான் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, இங்கே இருக்கேன்னு கத்தினேன். உன் தொண்டை எனக்கு இல்ல, இருந்தாலும் கத்தினேன். அப்புறம் பக்கத்து அறையில கத்தினாங்க. அதுக்கு அடுத்த அறையில கத்தினாங்க. கடைசி வரைக்கும் எல்லாரும் இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன்னு கத்தினாங்க. அவங்கவங்க அப்பா கேட்ட மாதிரி."

அவள் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"அவங்க எல்லாம் இன்னும் உள்ளதான் இருக்காங்க."

 அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தலைவருக்கு அடுத்த கூட்டம் எந்த ஊர்லங்க?" என்று கேட்டாள்.

ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டே வெண்கலம் எழுந்து சட்டையைத் தேடினார். வாண்டு, உள்ளே இருப்பவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.